படிக்கட்டும் பட்டமும்

"நாளை முதல் நான் போகப்போவதில்லை, ஐயா!"

இவ்வளவுதான் சொன்னான் அந்த இளைஞன். கையிலிருந்த குறிப்பேட்டைப் படிப்பகத்து மேசைமீது வைத்தான். வைத்துவிட்டு, நம் முகத்தைப் பார்க்காமல், சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஏன் என்று நாம் கேட்கவில்லை, கேட்கத் துணிவில்லை. காரணத்தில் பாதி நாமே என்பதை நம் நெஞ்சு அறிந்திருந்தது.

நாற்பது ஆண்டுகளாகத் தன்மானம் என்ற சொல்லை மேடைதோறும் முழங்கியவர்கள் நாம். பிறப்பினால் ஒருவனைத் தாழ்த்துவது மடமை என்று பேசிப் பேசித் தொண்டை கட்டியவர்கள். அப்படிப்பட்ட நாம், இருபது வயது நிரம்பாத ஒரு மாணவனிடம், தன்மானத்தைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு உள்ளே போ என்று சொல்லியிருந்தோம்! அந்த வெட்கக் கதையைத்தான் இன்று எழுதுகிறோம். நம்மைப்போல் மேடையில் ஒன்றும் வீதியில் மற்றொன்றுமாக நடக்கும் தோழர் வேறு எவரேனும் இருப்பின், அவருக்கும் இது பயன்படட்டும்.

கச்சிராயபாளையம் எங்கே என்று கேட்போருக்கு: கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, கல்வராயன் மலையின் காலடியில், கோமுகி அணையை அடுத்துள்ள ஊர். கரும்பு விளையும் மண். கூட்டுறவுச் சர்க்கரை ஆலை உண்டு. விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பர் 26 அன்று தனி மாவட்டமாயிற்று கள்ளக்குறிச்சி. இங்கே நம் படிப்பகம் ஒரே ஓர் அறை, இரண்டு விசிப்பலகைகள், நாளேடுகள் சில, மாலை நேரத்தில் வந்து கூடும் மாணவர் ஓர் ஆறுபேர். அவருள் நால்வர், தம் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் தலைமுறையினர்.

அந்த அறுவருக்கும் சென்ற ஆண்டு ஓர் இடர் வந்தது. பட்டப் படிப்பில் 'உள்ளகப் பயிற்சி' இன்று ஒரு பாடமாகவே ஆகிவிட்டது. இன்டர்ன்ஷிப் என்று மாணவர் சொல்வது அதைத்தான். ஏதேனும் ஒரு நிறுவனத்திலோ அலுவலகத்திலோ சில வாரங்கள் வேலை பழகிச் சான்று கொண்டுவர வேண்டும். உற்றார் உறவினர் உயர்ந்த இடத்தில் இருப்போருக்கு அது ஒரு தொலைபேசி அழைப்பு. மலையடிவாரத்துப் பிள்ளைக்கு? சென்னையிலே தங்க விடுதி வாடகை யார் தருவார்? பயிற்சி தருகிறோம், அதற்கும் நீ பணம் கட்டு என்று கேட்கும் இடங்களும் இருக்கின்றனவே, அவற்றுக்கு எங்கே போவான்?

"ஊரை ஆளும் அலுவலகம் ஊரிலேயே இருக்கிறதே, அங்கே பயின்றால் என்ன?" என்று கேட்டவர்கள் நாம். மகிழ்ந்தார்கள் மாணவர்கள். அரசியல் சட்டத்தின் 74ஆம் திருத்தம் 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. குடிநீரிலிருந்து தெருவிளக்கு வரை 18 பொருள்களை நகர உள்ளாட்சிகளுக்கு உரியவையாக அது வரிசைப்படுத்தியது. அந்தப் பதினெட்டும் நம் வாழ்வின் காலையும் மாலையும் அல்லவா! அவற்றைப் பயில்வதைவிடச் சிறந்த படிப்பு எது? பட்டம் பெற்றுப் பதினெட்டு மாதத்துக்கு உட்பட்டவர்களை நகர உள்ளாட்சிகளிலும் பொலிவுறு நகரங்களிலும் பயிற்சிக்கு எடுக்கும் 'டியூலிப்' என்னும் திட்டத்தை நடுவண் அரசு 2020 ஜூன் 4 அன்று தொடங்கியதையும் படித்துக் காட்டினோம். நம் பிள்ளைகள் பட்டம் பெறாதவர்கள். அந்தத் திட்டத்துக்குள் வரமாட்டார்கள். ஆயினும் கல்லூரியின் கடிதத்தோடு விண்ணப்பித்தார்கள். நம் ஊருக்குச் சற்றுத் தொலைவிலுள்ள ஓர் உள்ளாட்சி அலுவலகம் இசைந்தது. பெயர் வேண்டாம், குறை அந்த ஓர் அலுவலகத்தினுடையது மட்டுமன்று.

புறப்படுவதற்கு முன்னாள் மாலை, அந்த இளைஞனைத் தனியே அழைத்தோம். அவன் தாய் அதே அலுவலகத்தில் தூய்மைப் பணியாளர். விடியுமுன் தெருவில் இறங்கி, ஊர் விழிக்குமுன் ஊரைத் துப்புரவாக்கும் உழைப்பாளி. நாம் சொன்னோம்:

"தம்பி, உன் தாய் அங்கே பணிசெய்வதை நீயாக வெளியில் சொல்லாதே. ஆறு வாரம்தானே! உன்னை நாற்காலியில் உட்காரவைக்கத் தயங்குவார்கள்."

அவன் தலையசைத்தான். நாம் அதை அறிவுரை என்று எண்ணினோம். இன்று எண்ணிப் பார்த்தால், ஆதிக்கக்காரன் வெளியே கட்டிய வேலியை நாம் அவன் நெஞ்சுக்குள்ளே கட்டினோம் என்பது விளங்குகிறது.

முதல் வாரம் என்ன பயின்றார்கள்? தேநீர் வாங்கிவரப் பயின்றார்கள். படியெடுக்கும் கடைக்கு நடக்கப் பயின்றார்கள். பழைய கோப்புகளின் தூசு தட்டப் பயின்றார்கள். ஐந்தாம் நாள், கையொப்பத்துக்காகத் தூய்மைப் பணியாளர்களை அலுவலகத்துக்கு அழைத்திருக்கிறார்கள். கையில் தேநீர்த் தூக்குடன் தாழ்வாரத்தில் நுழைந்த மகன் எதிரே தாயைக் கண்டான். குறுகிய வழி. தாய் ஒரு கணம் நின்றார். மகன் சொல்லியிருந்த நம் அறிவுரை நினைவுக்கு வந்திருக்கும் போலும். சுவரோரமாக ஒதுங்கி, "போங்க சார்" என்றார்.

பெற்ற பிள்ளையைச் 'சார்' என்று அழைத்தார் தாய்! அழைக்கவைத்தவர்கள் நாம்!

அதைத்தான் அன்று மாலை அவன் நாட்காட்டியைப் பார்த்தபடியே சொல்லி முடித்தான். நம்மிடம் சொல் இல்லை. விசிப்பலகையின் மறுமுனையில் இருந்த மாணவி ஒருத்தி பேசினாள். கல்வராயன் மலையைச் சேர்ந்த மலையாளிப் பழங்குடிப் பெண் அவள். அதே பயிற்சிக்குச் சென்று வந்தவள்.

"ஐயா, கூலியில்லாமல் வேலை வாங்குவதற்கு எங்கள் மலையில் வெட்டி என்று பெயர். எங்கள் தாத்தா காலத்தில் ஜாகிர்தாருக்குச் செய்தார்கள். இப்போது அதற்குச் சான்றிதழ் கொடுக்கிறார்கள்."

சுருக்கென்றது. மலையின்மீது மூன்று ஜாகிர்தார்கள் ஆட்சி செலுத்தியதும், நாடு விடுதலை பெற்று 29 ஆண்டுகள் கழிந்து 1976இல்தான் அம்மலை முழுமையாக அரசின் ஆளுகைக்கு வந்ததும் நாம் மேடையில் பேசும் செய்திகள். அவளுக்கோ அது வீட்டுக் கதை!

அன்றிரவு உறக்கம் வரவில்லை. நம் சிறுவயது நினைவுக்கு வந்தது. 1960களின் இறுதி. நிலத்தின் சிட்டா நகல் கேட்டு, கரும்பு வெட்டிக் காய்த்த கையைக் கட்டிக்கொண்டு, கணக்குப்பிள்ளை வீட்டுத் திண்ணைக்குக் கீழே நம் தந்தையார் நிற்பார். பக்கத்தில் நாம். திண்ணையின் மேலே, நம் வயதே ஒத்த அவர் மகன், அடங்கல் ஏட்டைப் புரட்டி வரிவரியாகப் படித்துக் காட்டுவான். அவன் நம்மைவிட அறிவாளியா? இல்லை. திண்ணையின் உயரம் இரண்டு முழம். அந்த இரண்டு முழத்தில் இருந்தது வேற்றுமை. அவனுக்குப் பிறப்பே ஓர் உள்ளகப் பயிற்சி! பரம்பரைக் கணக்குப்பிள்ளை முறை ஒழிய 1980 நவம்பர் வரை நாடு காத்திருக்க வேண்டியிருந்தது.

வெள்ளையர் ஆட்சிக் கச்சேரிகளிலும் இதே கதை. 'உமேதுவார்' என்று ஒரு சொல் உண்டு. வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கையில், ஊதியமின்றிக் கச்சேரியில் எழுதிக்கொண்டு காத்திருப்பவன் என்று பொருள். ஆண்டுக்கணக்கில் கூலியின்றிக் காத்திருக்க யாரால் முடியும்? வீட்டிலே நெல் இருப்பவனால் முடியும். கச்சேரிக்குள்ளே உறவினன் இருப்பவனால் முடியும். அன்றாடம் உழைத்தால்தான் அடுப்பெரியும் என்ற குடும்பத்துப் பிள்ளையால் முடியுமா? சட்டம் தடுக்கவில்லை, ஏழ்மை தடுத்தது. அலுவலகம் சிலருக்குத் தாய்வீடு போலாயிற்று. மற்றவர்க்கு மனுக் கொடுக்கும் வாசலாயிற்று. சென்னை மாகாணத்திலே 1929இல் அரசுப்பணித் தேர்வாணையம் அமைந்தது. திண்ணையிலும் கச்சேரியிலும் பதவி கைமாறிய நாட்டில், தேர்வின் வழியே பதவி என்ற நெறிக்கு அது ஒரு வாயில்.

வேலை பழகுவது நல்லதுதானே என்று கேட்பார்கள். நல்லதுதான், எந்த வேலையை யார் பழகுவது என்பதில் இருக்கிறது செய்தி. 1953இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த கல்வித் திட்டமும் வேலை பழகும் திட்டம்தான். பள்ளி நேரத்தைக் குறைத்தது. எஞ்சிய வேளையில் பிள்ளை தன் பெற்றோர் தொழிலைப் பழகட்டும் என்றது. வண்ணார் மகன் வெளுக்கவும், குயவர் மகன் வனையவும் பழகுவானாம்! நாடு கொதித்தெழுந்தது, குலக்கல்வி என்று அதற்குப் பெயரிட்டது, 1954இல் காமராசர் அரசு அதைக் கைவிட்டது. தந்தை நின்ற இடத்திலேயே மகனை நிறுத்துவது குலக்கல்வி. தந்தை ஏறமுடியாத படியில் மகனை ஏற்றுவது உண்மையான பயிற்சி. படியேறிய பிள்ளையின் கையில் தேநீர்த் தூக்கைக் கொடுத்துவிட்டால்? பெயர்தான் புதிது, படி பழையது!

மறுநாள் காலை அலுவலகத்துக்குச் சென்றோம், சண்டையிட எண்ணித்தான். செயல் அலுவலர் எழுந்து நின்று வரவேற்றார். நடந்ததைச் சொன்னோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்:

"ஐயா, அந்தப் பையன் யார் பிள்ளை என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பெருமைப்பட்டிருப்பேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். இந்த மாணவர்களை வைத்து நான் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு யாராவது சொன்னார்களா? நிரப்பப்படாத பணியிடங்கள் இருக்கின்றன. வரி வசூல், குடிநீர், குப்பை, மனுக்கள், இவற்றுக்கிடையே பாடம் நடத்த எனக்கு நேரமேது? கடிதம் வந்தது, சரி என்றேன்."

கோபம் தணிந்தது. அவர் கெட்டவரல்லர். திட்டமில்லாத இடத்தில் நல்லவரும் பழக்கத்தின் வழியேதான் நடப்பார்; பழக்கமோ பழைய திண்ணையின் பழக்கம்! நம் பிழையையும் அவரிடம் மறைக்கவில்லை. "தாயின் தொழிலை மறைக்கச் சொன்னவர்கள் நாங்கள்தாம்" என்றோம். அவர் சிரிக்கவில்லை. "குடிநீர்க் குழாய்களைப் பற்றிப் புகார் நிறைய வருகிறது. அளந்து சொல்ல ஆளில்லை. பிள்ளைகள் அளப்பார்களா?" என்று கேட்டார்.

அளந்தார்கள். படிப்பகத்துக்கு வந்து அந்த இளைஞனின் குறிப்பேட்டைத் திருப்பிக் கொடுத்தபோது, "தாயைப் பற்றி யார் கேட்டாலும் சொல்வேன், ஐயா" என்றான். "கேட்காவிட்டாலும் சொல்" என்றோம்.

அடுத்த மூன்று வாரம், விடியற்காலையில் ஒரு குடமும் ஒரு கடிகாரமுமாகத் தெருத்தெருவாகத் திரிந்தனர் அறுவரும். மேல்நிலைத் தொட்டிக்கு அருகிலுள்ள தெருவில் குடம் ஒரு நிமிடத்துக்குள் நிறைந்தது. குழாய் வரிசையின் கடைசியில், ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட குடியிருப்பில், அதே குடம் நிறைய நான்கு நிமிடம். பாதாளச் சாக்கடை இல்லாத நகரங்களில் ஆளுக்கு நாளொன்றுக்கு 70 லிட்டர் என்பது நடுவண் அரசின் குடிநீர்க் கையேடு வகுத்த அளவு. சாக்கடைத் திட்டமுள்ள நகரங்களுக்கு 135. ஊரகங்களுக்கு ஜல் ஜீவன் திட்டம் வைத்த குறி 55. குடியிருப்பின் வீடுகளை எண்ணி, குழாயில் நீர் வரும் நேரத்தால் கணக்கிட்டுப் பார்த்தார்கள். எழுபதில் பாதியும் தேறவில்லை. ஊரையெல்லாம் கழுவும் கைகள் குடியிருக்கும் தெருவில், கைகழுவத் தண்ணீர் இல்லை!

ஏன் இப்படி? தலைவிதி என்று சொல்லும் கூட்டம் ஒன்று உண்டு. மாணவர்கள் விதியைத் தேடவில்லை, அடைப்பிதழைத் தேடினார்கள். குடியிருப்புக்கான அடைப்பிதழ் கடைசியில் திறக்கப்படுகிறது. அதற்குள் தொட்டியின் நீர்மட்டம் இறங்கி, அழுத்தம் குறைந்துவிடுகிறது. வழியிலே சில வீடுகள் குழாயில் மின்விசைப் பொறியை வைத்து உறிஞ்சிக்கொள்கின்றன. இரண்டும் கண்ணுக்குத் தெரியும் காரணங்கள்; கையால் மாற்றக்கூடிய காரணங்கள். பகுத்தறிவு என்பது கடவுளைப் பற்றிய வாதம் மட்டுமன்று, தோழர்களே! குடமும் கடிகாரமும் எடுத்துக்கொண்டு உண்மையைத் தேடிப் போவதும் பகுத்தறிவுதான்.

அறிக்கை எழுதப்பட்டது, அலுவலகத்தில் வைக்கப்பட்டது. அடைப்பிதழ் திறக்கும் முறை மாற்றப்பட்டது. குடியிருப்புக்கு வாரத்தில் மூன்று நாள் முதல் முறை. உறிஞ்சும் பொறிகளோ இன்னும் உறிஞ்சிக்கொண்டுதான் இருக்கின்றன. அவற்றின் உரிமையாளர்கள் வலியவர்கள். ஆகவே, முழு வெற்றி என்று முரசு கொட்ட மாட்டோம். பாதி வெற்றி, ஆனால் பாதிக் குடமும் வெறுங்குடமன்று.

உள்ளாட்சி ஒரு பள்ளிக்கூடம் என்பது புதிய கருத்தன்று. 1882இல் ரிப்பன் பிரபு தல ஆட்சிக்கு வழிவகுத்தபோது, நிர்வாகம் செம்மையாவதைவிட மக்கள் அரசியல் பயில்வதே அதன் முதல் பயன் என்று கருதினார். ஈரோட்டு நகராட்சித் தலைவர் பொறுப்பிலேதான் பெரியார் குடிநீர்ப் பணியில் கைவைத்தார். சென்னை மாநகராட்சித் தலைவராகத்தான் தியாகராயர் 1920இல் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பகலுணவு வழங்கினார். அகமதாபாத் நகராட்சி படேலுக்கும், அலகாபாத் நகராட்சி நேருவுக்கும் பயிற்சிக்களமாயின. பெரியவர்களுக்குப் பள்ளியாக இருந்த இடம், பிள்ளைகளுக்கு மட்டும் தேநீர்க்கடைக்குப் போகும் வழியாக இருக்கலாமா?

உலகம் என்ன செய்தது என்று பாருங்கள். 1966இல் நியூயார்க் நகராட்சி 'அர்பன் கார்ப்ஸ்' என்ற மாணவர் படையை அமைத்தது. கல்லூரி மாணவர்களை நகர அலுவலகங்களில் அமர்த்தியது. 1964ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, ஏழை மாணவர் படித்துக்கொண்டே உழைத்துப் பெறும் ஊதியத்தின் பெரும்பகுதியை நடுவண் அரசே ஏற்றது. அதனால் ஏழைப் பிள்ளையும் நகராட்சி அலுவலகத்துக்குள் நுழைய முடிந்தது. ஊதியம் தராத இடத்தின் கதையும் உண்டு. 2015இல் ஜெனீவாவில், ஐக்கிய நாடுகள் அவையில் ஊதியமின்றிப் பயின்ற நியூசிலாந்து இளைஞன் ஒருவன், வாடகைக்கு வழியின்றிக் கூடாரத்தில் தங்கியதை உலகமே படித்தது. அமெரிக்க வெள்ளை மாளிகைகூடத் தன் பயிற்சி மாணவர்க்கு ஊதியம் தர முன்வந்தது 2022இல்தான். செல்வ நாடுகளிலும் இந்த வாயில் பணத்தால் அடைபட்டே கிடந்தது. தட்டித் தட்டித்தான் திறந்தது.

தமிழ்நாட்டில் வழியே இல்லையா? 2022 செப்டம்பர் 5 முதல், அரசுப் பள்ளியில் பயின்று கல்லூரி சேர்ந்த மாணவியர்க்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கப்பட்டது; 2024 ஆகஸ்ட் 9 முதல் மாணவர்க்கும் வழங்கப்பட்டது. படிக்க உதவிய அதே நெறியைப் பயிற்சிக்கும் நீட்டினால் என்ன? 2022 கணக்கில் 21 மாநகராட்சிகள், 138 நகராட்சிகள், 490 பேரூராட்சிகள். இவற்றுக்கு அப்பால் 12,000க்கு மேற்பட்ட ஊராட்சிகள். ஒவ்வொன்றிலும் இரண்டு மாணவர் என்று வைத்தாலும் எத்தனை ஆயிரம் பிள்ளைகள் படியேறுவார்கள்!

ஆனால் ஏறும் படி நேரானதாக இருக்க வேண்டும். பேருந்துக் கட்டணத்துக்கும் பகலுணவுக்குமாவது போதிய தொகை தரவேண்டும். அதைத் தராத பயிற்சி, வசதியுள்ளவன் வீட்டுப் பிள்ளைக்கே பயிற்சி. பரிந்துரைக் கடிதத்தால் அல்ல, அறிவிக்கப்பட்ட விதியால் தேர்ந்தெடுக்க வேண்டும்; இடஒதுக்கீடும் முதல் தலைமுறைக்கு முன்னுரிமையும் அங்கேயும் வேண்டும். நுழைந்த நாளிலேயே செய்யவேண்டிய பணி எழுத்தில் தரப்பட வேண்டும். முடிவில் எழுதும் அறிக்கை கோப்பில் உறங்காமல், மன்றக் கூட்டத்திலும், 2022 நவம்பர் 1 உள்ளாட்சி நாளன்று நகர உள்ளாட்சிகளில் கூட்டப்பட்டதே பகுதி சபை, அத்தகைய சபையிலும் மக்கள்முன் படிக்கப்பட வேண்டும். நிரப்பவேண்டிய பணியிடத்தை நிரப்பாமல், மாணவனை வைத்து ஒப்பேற்றுவது மட்டும் கூடவே கூடாது; அது மாணவனுக்கும் வஞ்சகம், வேலைக்குக் காத்திருக்கும் அவன் அண்ணனுக்கும் வஞ்சகம்.

பயிற்சியின் கடைசி நாள் நம்மையும் அழைத்திருந்தார்கள். குடிநீர் அறிக்கையை அந்த இளைஞன்தான் எழுந்து நின்று படித்தான். படிக்கும்போது, "கடைசிக் குழாய் இருக்கும் தெரு எங்கள் தெரு, என் தாயும் இந்த அலுவலகத்தில்தான் பணிசெய்கிறார்" என்றான். அறையில் சிறிது அமைதி. பிறகு செயல் அலுவலர் ஆளனுப்பி அந்த அம்மையாரை உள்ளே அழைத்துவரச் செய்தார். நாற்காலி போடச் சொன்னார். அவர் அமரவில்லை. எத்தனை சொல்லியும் அமரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, மகன் படித்து முடிக்கும்வரை நின்றார்.

வெளியே வந்தபோது அவரிடம் சென்றோம். "அம்மா, மகனிடம் நாங்கள் சொன்னது தவறு, மன்னிக்க வேண்டும்" என்றோம்.

"தவறு என்று அன்றைக்கே எனக்குத் தெரியுங்க, ஐயா" என்றார் அவர். "படித்தவர் சொல்கிறீர்களே, ஏதாவது காரணம் இருக்கும் என்று இருந்துவிட்டேன்."

தோழர்களே! எழுத்தறியாத அந்தத் தாய்க்கு அன்றைக்கே தெரிந்தது, ஏடு ஏடாகப் படித்த நமக்கு ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது! படித்தவன் சொல்லுக்குப் பணிந்து, தன் நெஞ்சறிந்த உண்மையை அடக்கிக்கொள்ளும் அந்தப் பழக்கம் இருக்கிறதே, அதை உடைக்கத்தான் இயக்கம். நம் சொல்லையும் கேள்வி கேளுங்கள். உங்கள் ஊர் உள்ளாட்சி அலுவலகத்தின் படியில் ஏறுங்கள், ஏட்டைக் கேளுங்கள், குழாயை அளவுங்கள். ஏறும்போது எதையும் வாசலில் கழற்றி வைக்காதீர்கள். தாயின் பெயரோடு ஏறுங்கள்.

அந்த அம்மையார் உட்காராத நாற்காலி நம் கண்முன் நிற்கிறது. அடுத்த ஆண்டு படிப்பகத்திலிருந்து செல்லவிருப்போர் பட்டியல் ஆயத்தமாகிவிட்டது. இம்முறை ஒன்பது பேர். ஊதியம் கேட்டு அரசுக்கு எழுதிய மனுவில் முதல் கையொப்பம் மலைநாட்டு மாணவியுடையது.